பிளாட்பாரத்துக் குடிசைக்கும் நோட்டீசு உண்டு

1981-ம் வருடம் ஜூலை மாதம் 13-ந் தேதி. பம்பாயில் மழைக்காலம். அன்றைய மராட்டிய முதல்-மந்திரி ஏ.ஆர்.அந்துலே ஓர் அறிவிப்பு செய்தார். நகரத்து நடைபாதைகளில் குடிசை போட்டு வாழ்கிறவர்கள் அத்தனை பேரும் அப்புறப்படுத்தப்படுவார்கள்; அவரவர் சொந்த ஊருக்கு அனுப்பப்படுவார்கள், அல்லது நகருக்கு வெளியே கொண்டுபோய் விடப்படுவார்கள் என்பதே அந்த அறிவிப்பு. மாநகராட்சிக்கு வேண்டிய உதவியை போலீஸ் கமிஷனர் செய்து கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவாயிற்று.

அதற்கு அவர் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. இது மனிதர்கள் வாழும் வாழ்க்கையே அல்ல, இந்தக் குடிசைகள் மழைக்குத் தாங்காது என்றார். இரக்கப்பட்டு இடிக்கிறோம் என்கிற மாதிரி. மழைக்குத் தாங்காத கூரையை மழைக்காலத்திலேயே பிரித்துப் போட்டால் தலைக்கு மேலே மிஞ்சுவது மழைதான்.

இன்று மும்பையில் சாலில் ஒரு கோலியோ, மாடிக் கட்டிடத்தில் ஓர் அறையோ வைத்திருக்கும் நம்மவர்கள் பலருடைய அப்பாவோ தாத்தாவோ, முதன் முதலில் வந்து இறங்கியபோது துண்டை விரித்துப் படுத்த இடம் பிளாட்பாரம்தான். ஆகையால் அந்த மழைக்காலத்தில் ஆரம்பித்து சுப்ரீம் கோர்ட்டு வரை போன வழக்கை நாம் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது. சர்க்காரின் கை எதுவரை நீளலாம், சாதாரண மனிதனின் உரிமை எங்கே ஆரம்பிக்கிறது என்பதை அந்த வழக்கு போல விளக்கமாகச் சொல்வது வேறு இல்லை.

சேலத்துக்குப் போன பஸ்

வழக்குப் போட்டவர்களில் ஒருவர் சேலத்துக்காரர். நிலமில்லாத விவசாயக் கூலி. வறட்சியில் வேலை போய், 1961-ல் பம்பாய்க்கு வந்தவர். தகிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் வேலை கிடைத்தது. தினக்கூலி ரூ.23. மேற்கு விரைவு நெடுஞ்சாலை ஓரத்து நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போர்த்திய ஒரு குடிசை. அதற்கு அந்த வட்டாரத்துத் தாதா வாங்கிய பணம் ரூ.2,500.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளும் சாப்பிடாமல், ஒரு டீ கூடக் குடிக்காமல், 109 நாள் உழைத்த கூலி அது. பிளாட்பாரத்தில் இருக்கிறவன் ஓசியில் இருக்கிறான் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஜூலை 23-ந் தேதி மாநகராட்சி அதிகாரிகள் வந்து குடிசையைப் பிரித்தார்கள். குடும்பத்தோடு அவரை சேலத்துக்கு என்று பஸ்சில் ஏற்றி விட்டார்கள். ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் பயணம். குடும்பம் சேலத்தில் தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்தார். வந்து? மறுபடியும் ஒரு பிளாட்பாரம், மறுபடியும் ஒரு குடிசை. எந்த வறட்சி அவரை 1961-ல் துரத்தியதோ, அந்த ஊரில் 1981-ல் அவருக்கு யார் வேலை வைத்துக் கொண்டு காத்திருந்தார்கள்?

காமராஜ் நகர்

மேற்கு விரைவு நெடுஞ்சாலை அருகே காமராஜ் நகர் என்று ஒரு குடியிருப்பு. பெயரைக் கேட்டாலே யார் வைத்த பெயர் என்று நமக்குப் புரியும். நெடுஞ்சாலை ஓரமாகத் தண்ணீர்க் குழாய் பதிக்க வந்த கம்பெனியின் ஆட்கள் 1960 வாக்கில் போட்ட குடிசைகள் அவை. ஐந்நூறுக்கு மேல் இருந்தன. அங்கே குடியிருந்தவர்கள் மாநகராட்சி ஊழியர்கள், ஆலைத் தொழிலாளர்கள், ஓட்டல் ஊழியர்கள். ஊருக்குத் தண்ணீர் கொண்டு வந்த கைகள், ஊரைச் சுத்தம் செய்த கைகள்.

முதல்-மந்திரியின் அறிவிப்பைக் கேட்டதும் இவர்கள் பம்பாய் ஐகோர்ட்டுக்குப் போனார்கள். ஜூலை 21 வரை இடைக்காலத் தடை கிடைத்தது. அன்றைய தினம் அரசுத் தரப்பு, அக்டோபர் 15 வரை குடிசைகளை இடிப்பதில்லை என்று ஒப்புக் கொண்டது. ஆனால் இரண்டே நாளில், ஜூலை 23-ந் தேதி, தங்களை அரசு பஸ்களில் அடைத்து வெளியே அனுப்பினார்கள் என்பது மனுதாரர்களின் புகார். அந்தப் பயணத்தில் இரண்டு குழந்தைகள் பிறந்தன, இரண்டு குழந்தைகள் இறந்தன என்றும் மனுவில் சொல்லியிருந்தார்கள்.

அரசு சொன்ன பதிலையும் சொல்லிவிட வேண்டும். யாரையும் கட்டாயப்படுத்தி அனுப்பவில்லை. ஊருக்குப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்குத்தான் ரயில் நிலையம் வரை வண்டியும், அங்கிருந்து மேலே போக ரயில் கட்டணமும், பஸ் கட்டணமும், வழிச்செலவும் கொடுத்தோம் என்றது அரசு. பாதிக்கப்படக்கூடியவர்கள் பத்தாயிரம் பேர், அவர்களில் இந்த வசதியைக் கேட்டவர்கள் 1,024 பேர் என்று ஒரு கணக்கும் கொடுத்தது.

நான் ரயில்வே குமாஸ்தா. கவுண்டரில் ஊருக்கு டிக்கெட் வாங்குகிற முகங்களை தினமும் பார்க்கிறவன். பக்கத்தில் போலீஸ் நிற்க, குடிசை தரையில் கிடக்க, ஊருக்குப் போகிறாயா என்று கேட்டால், பத்தில் ஒருவன் போகிறேன் என்று கையெழுத்துப் போடுவதில் ஆச்சரியம் இல்லை. மற்ற ஒன்பது பேர் அப்போதும் மாட்டேன் என்றார்களே, அதுதான் ஆச்சரியம்.

எழுதிக் கொடுத்தாலும் போகாது

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிசும் மனுதாரர்களில் ஒருவர். அவர் பெயரால்தான் இந்த வழக்கை இன்றும் வக்கீல்கள் சொல்கிறார்கள். தலைமை நீதிபதி ஒய்.வி.சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகள் விசாரித்தார்கள். அவர்களில் ஒருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏ.வரதராஜன். தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியான முதல் மனிதர் அவர். தீர்ப்பு வந்த நாள் 1985 ஜூலை 10.

மாநகராட்சி முதலில் எடுத்துப் போட்ட சீட்டு இது: நடைபாதையில் குடிசை போட எங்களுக்கு அடிப்படை உரிமை இல்லை என்று இவர்களே ஐகோர்ட்டில் ஒப்புக் கொண்டு விட்டார்கள், இப்போது மாற்றிப் பேச முடியாது.

சுப்ரீம் கோர்ட்டு இதை ஏற்கவில்லை. அடிப்படை உரிமை என்பது ஒருவன் தன் வாயால் விட்டுக் கொடுத்து இழந்துவிடக் கூடிய பொருள் அல்ல என்றது. அரசியல் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்தது தனி மனிதனின் நன்மைக்கு மட்டும் அல்ல, நாட்டின் நன்மைக்காகவும். ஆகவே தெரியாமல் ஒப்புக் கொண்டாலும் சரி, பயந்து ஒப்புக் கொண்டாலும் சரி, அது அழிந்து போகாது. எழுதப் படிக்கத் தெரியாமல் பெருவிரல் ரேகை வைக்கிற நம் ஜனங்களுக்கு, இந்தத் தீர்ப்பில் இதைவிடப் பெரிய வரி இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது விஷயம், வயிற்றுப்பாடு. அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு, சட்டம் வகுத்த முறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் பறிக்கக் கூடாது என்கிறது. பிழைப்பைப் பறித்தால் உயிரைப் பறித்த மாதிரிதான் என்று கோர்ட்டு சொன்னது. பிளாட்பாரத்தில் ஏன் இருக்கிறான்? வேலை செய்யும் இடத்துக்கு நடந்து போகிற தூரம் என்பதால் இருக்கிறான். அங்கிருந்து கிளப்பினால் வேலை போகும். வேலை போனால் சாப்பாடு போகும். ஒரு கூலிக்காரனுக்குத் தெரிந்த இந்த விஷயம் சட்டமாக 1985 வரை ஆயிற்று.

314-வது பிரிவு

மாநகராட்சி தன் கையில் வைத்திருந்தது 1888-ம் வருடத்துச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தது. அதன் 314-வது பிரிவின்படி, தெருவிலும் நடைபாதையிலும் உள்ள ஆக்கிரமிப்பை நோட்டீசு கொடுக்காமலே கமிஷனர் அகற்றலாம்.

"அகற்றலாம்" என்றுதானே இருக்கிறது, "நோட்டீசு கொடுக்கக் கூடாது" என்று இல்லையே என்றது கோர்ட்டு. அவசர ஆபத்து வந்தால் நோட்டீசு இல்லாமல் எடுக்கலாம். மற்றபடி, கேட்டு விட்டுத்தான் செய்ய வேண்டும்.

மாநகராட்சியின் வக்கீல் விடவில்லை. ஆக்கிரமிப்பாளனுக்கு சொல்வதற்கு என்ன இருக்கிறது, அவனைக் கூப்பிட்டுக் கேட்டு என்ன பயன் என்று வாதாடினார். கேட்ட மாத்திரத்தில் நியாயமாகப் படுகிற வாதம்தான். ஆபீசுகளில் தினமும் காதில் விழுகிற வாதமும் கூட. கோர்ட்டு சொன்ன பதில்: முடிவு மாறினாலும் மாறாவிட்டாலும், தன்னைப் பற்றிய முடிவில் தன் வார்த்தையைச் சொல்ல மனிதனுக்கு இடம் வேண்டும், அவனும் ஒரு மனிதன் என்று சர்க்கார் ஒப்புக் கொள்வதற்கு அதுவே அடையாளம்.

ரயில்வேக்காரனுக்கு இது சட்டென்று புரியும். எங்கள் இலாகாவில் ஒரு கடைநிலை ஊழியரைக் கூட குற்றச்சாட்டைக் கையில் கொடுத்து, பதில் எழுதச் சொல்லி, விசாரணை நடத்தித்தான் வேலையை விட்டு எடுக்க முடியும். அந்தச் சார்ஜ் ஷீட்டைக் கண்டு நடுங்குகிறவர்கள் உண்டு. ஆனால் அது வராமல் நேரே டிஸ்மிஸ் உத்தரவு வந்தால்தான், சார்ஜ் ஷீட்டின் அருமை தெரியும்.

கேட்டாகி விட்டதாம்

இவ்வளவும் சொன்ன கோர்ட்டு கடைசியில் குடிசைகளைக் காப்பாற்றியதா என்றால், இல்லை. நடைபாதை நடப்பதற்கு, அதில் குடியிருக்க யாருக்கும் உரிமை கிடையாது, அகற்றுவதில் தவறில்லை என்றது.

அப்படியானால் கமிஷனர் கேட்க வேண்டிய விளக்கம்? அதைத்தான் நாங்கள் இங்கே தாராளமாகக் கேட்டு விட்டோமே, இனி அவர் தனியாகக் கேட்க வேண்டியதில்லை என்று முடித்து விட்டார்கள். பந்தி பரிமாறி, இலையை எடுத்து விட்டு, சாப்பிட்டதாக வைத்துக் கொள் என்பது போல இருக்கிறது. சட்டம் படித்தவர்கள் இதற்கு வேறு விளக்கம் சொல்லக் கூடும். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்.

ஆனால் சில பாதுகாப்புகளை எழுதி வைத்தார்கள். 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை வாங்கியவர்களுக்கு மால்வணியிலோ வேறு இடத்திலோ மாற்று இடம் கொடுக்க வேண்டும். 20 வருடத்துக்கு மேல் இருந்து வரும் குடிசைப் பகுதியை, பொதுக் காரியத்துக்கு நிலம் வேண்டும் என்றால் ஒழியத் தொடக் கூடாது. தொட்டால் மாற்று இடம். எல்லாவற்றுக்கும் மேலாக, மழை முடிந்து அக்டோபர் 31-ந் தேதி வரை எந்தக் குடிசையையும் பிரிக்கக் கூடாது.

மழையைக் காரணம் காட்டி இடிக்கச் சொன்னார் முதல்-மந்திரி. மழையைக் காரணம் காட்டி நிறுத்தியது கோர்ட்டு.

மறுநாள்

இதோடு ஒரு விஷயத்தை நம் ரயில்வே நண்பர்களுக்காகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1985 ஜூலை 11-ந் தேதி, அதாவது மறுநாளே, இன்னொரு பெரிய தீர்ப்பு வந்தது. துளசிராம் பட்டேல் வழக்கு. அன்றுதான் சந்திரசூட் ஓய்வு பெற்ற நாளும். வேலைநிறுத்தங்கள் சம்பந்தமாக விசாரணை இல்லாமலே வேலையிழந்த ரயில்வே ஊழியர்களின் வழக்குகளும் அதில் சேர்ந்திருந்தன. விசாரணை நடத்துவது சாத்தியம் இல்லை என்று அதிகாரி காரணத்தை எழுதி வைத்தால், விசாரணை இல்லாமலே நீக்கலாம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். நீதிபதி தக்கர் மட்டும் மாறுபட்டார்.

புதன்கிழமை பிளாட்பாரத்துக்காரனைக் கேட்காமல் இடிக்காதே என்றது. வியாழக்கிழமை நிரந்தர ஊழியனைக் கேட்காமலும் நீக்கலாம் என்றது. ஒரே கட்டிடம், ஒரே வாரம். உரிமை என்று ஒன்று இருக்கும் பக்கத்திலேயே, விதிவிலக்கு என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். எப்போது எந்த விதிவிலக்கு எழுந்து நிற்கும் என்பது நோட்டீசைப் படித்தால்தான் தெரியும்.

பத்தொன்பது நாள்

இந்தத் தீர்ப்பின் பெருமை தெரிய, இதற்கு ஒன்பது வருடம் பின்னால் போக வேண்டும். 1976 ஏப்ரல் 28. நெருக்கடி நிலை. விசாரணை இல்லாமல் சிறையில் அடைக்கப்பட்டவர்கள் கோர்ட்டுக்கு வர முடியுமா என்ற கேள்வியில், முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். அந்த நால்வரில் சந்திரசூட்டும் ஒருவர். சட்ட விரோதமாக உயிரையே எடுத்தாலும் கோர்ட்டால் ஒன்றும் செய்ய முடியாதா என்று நீதிபதி எச்.ஆர்.கன்னா கேட்டதற்கு, நெருக்கடி நிலை உள்ளவரை முடியாதுதான் என்று அரசின் தலைமை வக்கீல் ஒப்புக் கொண்டது பிரசித்தம். கன்னா ஒருவர் மட்டும் மாறித் தீர்ப்பு எழுதினார். தலைமை நீதிபதி பதவி அவருக்குக் கிடைக்காமல் போயிற்று.

அதிலிருந்து பத்தொன்பதாவது நாள், மே 17. மான்கூர்டு பக்கம் ஜனதா காலனி இடிக்கப்பட்டது. சுமார் எழுபதாயிரம் ஜனம். மாநகராட்சியே ஒரு காலத்தில் கொண்டுவந்து குடிவைத்த இடம். அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்துக்கு நிலம் வேண்டும் என்று அகற்றி, சீத்தா கேம்பில் கொண்டு போய் விட்டார்கள். கோர்ட்டுத் தீர்ப்பு சிறையில் இருந்தவர்களைப் பற்றியது, குடிசைகளைப் பற்றியது அல்ல. இரண்டையும் முடிச்சுப் போடக் கூடாது. ஆனால் உயிருக்கே கேள்வி கேட்க ஆள் இல்லை என்று ஆகிவிட்ட நாட்டில், கூரைக்கு யார் கேட்பார்கள்? 

1978-ல் 44-வது திருத்தம் வந்தது. நெருக்கடி நிலையிலும் 21-வது பிரிவை நிறுத்தி வைக்க முடியாது என்று ஆயிற்று. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் 1976 தீர்ப்பையே ரத்து செய்தார்கள். அதை எழுதியவர்களில் ஒருவர் சந்திரசூட்டின் மகன்.

அட்டை

ஜனதா காலனியில் இருந்தவர்களில் ஒருவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்க வயலில் பிறந்த தமிழர். இருபது வயதுக்குள் பம்பாய் வந்தவர். காலனியில் குப்பை அள்ள யாரும் வராதபோது, சிறுவர்கள் கையில் ஆளுக்கு ஒரு பொட்டலம் குப்பையைக் கொடுத்து, மாநகராட்சி ஆபீசு வாசலில் போடச் செய்த கதையை அவரே சொல்லி இருக்கிறார். பின்னால் தேசிய குடிசைவாசிகள் சம்மேளனத்தை அமைத்தார். 2000-ல் மகசேசே விருது, 2011-ல் பத்மஸ்ரீ. 2018-ல் காலமானார்.

சர்க்கார் நம்மை எண்ணாவிட்டால் நாமே நம்மை எண்ணிக் கொள்ள வேண்டும் என்பது அவரது வழி. 1985-ல் தீர்ப்பு வந்த அந்த வருடமே, ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனம் பைகுல்லா வட்டாரத்து நடைபாதைகளில் குடிசை குடிசையாகக் கணக்கெடுத்தது. சுமார் ஆறாயிரம் குடும்பங்கள். சம்மேளனமும் பிறகு அவர்களோடு கை கோத்தது. 1976 அட்டை இருந்தவனுக்கு மாற்று இடம், இல்லாதவனுக்கு இல்லை என்று கோர்ட்டே சொன்ன பிறகு, எண்ணப்படாதவன் இல்லாதவன் ஆகிவிட்டான் அல்லவா?

அந்தக் கதைதான் இன்றும். மராட்டிய அரசின் குடிசை மாற்றுத் திட்டத்தில் முதலில் 1995 ஜனவரி 1-க்கு முன் குடியேறியவர்கள் என்றார்கள். பிறகு 2000 ஜனவரி 1 என்று தள்ளினார்கள். அதற்கும் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவர்கள் பணம் கட்டி வீடு பெறலாம் என்றார்கள். தேதி மாறும்போதெல்லாம் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய கரண்டு பில்லுக்கு மதிப்பு ஏறுகிறது.

புல்டோசரும் தண்டவாளமும்

2024 நவம்பர் 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடி பேசியது. குற்றம் சாட்டப்பட்டவர்களின் வீடுகளைப் பல மாநிலங்களில் புல்டோசர் வைத்து இடித்ததைப் பற்றிய வழக்கு. 15 நாள் நோட்டீசு கொடுக்க வேண்டும், பதிவுத் தபாலில் அனுப்பி வீட்டிலும் ஒட்ட வேண்டும், நேரில் விளக்கம் கேட்க வேண்டும், இடிப்பதை வீடியோ எடுக்க வேண்டும், மீறினால் அதிகாரியே தன் பணத்தில் ஈடு செய்ய வேண்டும் என்று உத்தரவு. நீதிபதிகள் பி.ஆர்.கவாய், கே.வி.விசுவநாதன்.

பத்திரிகைகள் எல்லாம் பெரிய எழுத்தில் போட்டன. ஆனால் அதே தீர்ப்பில் ஒரு வரி உண்டு. சாலை, தெரு, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆற்றங்கரை, நீர்நிலை போன்ற பொது இடத்தில் உள்ள அனுமதியற்ற கட்டிடங்களுக்கு இது பொருந்தாது.

நடைபாதையும் ரயில் பாதை ஓரமும். நம்மவர்களில் ஏழைகள் வேறு எங்கே இருக்கிறார்கள்?

தண்டவாளத்தை ஒட்டிக் குடிசை இருப்பது ரயிலுக்கும் ஆபத்து, குழந்தைகளுக்கும் ஆபத்து. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் ரயில்வே நிலமாக இருந்தாலும் 1971-ம் வருடத்துப் பொது இடங்கள் சட்டம் இருக்கிறது. காலி செய்யும் உத்தரவு போடும் முன் நோட்டீசு கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும். உத்தரவு வந்தால் 12 நாளுக்குள் மாவட்ட நீதிபதி அந்தஸ்தில் உள்ளவரிடம் அப்பீல் செய்யலாம். 1985 தீர்ப்பும் உயிரோடுதான் இருக்கிறது.

போன மழைக்காலத்தில் எங்கள் பேட்டைக்குப் பின்புறம் இருக்கும் குடிசைகளிலிருந்து ஆறு பெண்கள் ஒரு நோட்டீசை எடுத்துக் கொண்டு வந்தார்கள். மராத்தியில் இருந்தது. "அண்ணே, என்ன போட்டிருக்கான், படிச்சுச் சொல்லுங்க" என்றார்கள். ஒட்டி நாலு நாள் ஆகியிருந்தது. அதுவரை குழந்தைகள் கிழித்து விடாமல் பார்த்துக் கொண்டார்களே தவிர, யாரும் படிக்கவில்லை. தேதி, எந்தப் பிரிவு, எத்தனை நாள் கெடு, எந்த அதிகாரி என்று நான்கையும் ஒரு தாளில் குறித்துக் கொடுத்தேன். ஒரு வக்கீலிடம் போய்ப் பதில் எழுதி, கெடு முடிவதற்கு முந்தின நாள் கொண்டு போய்க் கொடுத்தார்கள். நகலில் ஆபீசு முத்திரை வாங்காமல் திரும்பக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தேன். குமாஸ்தா முதலில் மறுத்திருக்கிறார். ஆறு பேரும் அங்கேயே உட்கார்ந்து விட்டார்கள். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு முத்திரை விழுந்தது.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி கால் மணி நேரம் கேட்டாராம். உத்தரவு பிறகு வரும் என்று சொல்லியிருக்கிறார். இன்னும் வரவில்லை.